மேலிடத்து உத்தரவு: மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள்?

காவல் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போனில் பேசுகிறார். எதிர்முனையில் இருப்பவர் படித்தவர், நாலும் தெரிந்தவர். ஆனாலும் மணிக்கணக்காக அந்தக் குரல் சொன்னபடியெல்லாம் நடந்து, கடைசியில் சேமிப்பு முழுவதையும் அனுப்பிவிடுகிறார். இன்னொரு செய்தியில், விசாரணைக்கு வந்த ஒரு கீழ்நிலை அலுவலர் "மேலிடத்திலிருந்து சொன்னார்கள், செய்தேன்" என்கிறார். செய்தியைப் படிப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இவர்களுக்குச் சொந்தப் புத்தி இல்லையா?

கேட்பது இயல்புதான். ஆனால் கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகளைப் பார்த்தால், ஆளின் புத்தியிலோ குணத்திலோ இதற்கு முழு விடை கிடைக்காது என்று தெரிகிறது. கீழ்ப்படிபவரிடம் பயமும் இருக்கலாம், பலவீனமும் இருக்கலாம். அவற்றைவிட முக்கியமான ஒன்று முன்கூட்டியே நடந்துவிடுகிறது. "இங்கே என்ன நடக்கிறது, எது சரி" என்று தீர்மானிக்கும் வேலையையே அவர் அதிகாரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். அதன் பிறகு அவருடைய புத்தி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சொன்னதை எப்படிச் சரியாகச் செய்வது என்பதில்தான் வேலை செய்கிறது.

எது கீழ்ப்படிதல்?

ஒருவர் சொன்னதை இன்னொருவர் செய்வதெல்லாம் கீழ்ப்படிதல் ஆகாது. மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. வற்புறுத்தலுக்குப் பணிதல். கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டால் யாரும் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். இதை விளக்க உளவியல் தேவையில்லை.

2. கூட்டத்தோடு ஒத்துப்போதல். 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய ஆய்வில், காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்ற எளிய கேள்விக்குக் குழுவில் இருந்த மற்றவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னார்கள். அப்படிச் சொன்ன சுற்றுகளில், பங்கேற்பாளர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை அதே தவறான விடையைச் சொன்னார்கள். அவர்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை.

3. கீழ்ப்படிதல். "கட்டளையிட இவருக்கு உரிமை உண்டு" என்று நாமே ஏற்றுக்கொண்ட ஒருவர் சொல்வதைச் செய்வது. மற்ற இரண்டிலிருந்தும் இதைப் பிரிப்பது அந்த ஏற்புதான்.

அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் மூன்றாக வகுத்தார்: மரபு, தலைவரின் ஆளுமைக் கவர்ச்சி, சட்டமும் விதியும். இன்றைய அலுவலகமும் மருத்துவமனையும் நீதிமன்றமும் மூன்றாவது வகையில் இயங்குகின்றன. அங்கே மரியாதை நாற்காலிக்கு. உட்கார்ந்திருப்பவர் யார் என்பது இரண்டாம் பட்சம். சமூகத்துக்கு இதனால் பெரும் பயன் உண்டு. தீயணைப்பு வீரர் "உடனே வெளியே வாருங்கள்" என்றால், அவருடைய சொந்த வரலாற்றை விசாரிக்காமல் வெளியே வருகிறோம், அதனால் பிழைக்கிறோம். ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. நாற்காலிக்கு அடையாளம் சீருடை, முத்திரை, பதவிப் பெயர், பேசும் தோரணை. இவை எல்லாவற்றையும் போலியாகச் செய்துவிட முடியும்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை

1961 ஏப்ரலில் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீதான வழக்கு ஜெருசலேமில் தொடங்கியது. ஆணைக்குக் கட்டுப்பட்டேன் என்பதே அவருடைய வாதம். அதே ஆண்டு கோடையில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற இளம் உளவியலாளர் தம் ஆய்வைத் தொடங்கினார். இந்தத் துறையின் பெரும்பாலான விவாதங்கள் அங்கிருந்துதான் கிளைக்கின்றன என்பதால், அந்த அறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது.

நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று விளம்பரம் செய்து ஆட்களை அழைத்தார்கள். வந்தவருக்கு 4 டாலரும் பயணச் செலவுக்கு 50 சென்ட்டும் கொடுத்தார்கள்; அறைக்குள் வந்ததற்கே அந்தப் பணம், நடுவில் விலகினாலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். பிறகு சீட்டு எடுத்ததில் அவர் 'ஆசிரியர்' ஆனார், உடன் வந்த இன்னொருவர் 'மாணவர்' ஆனார். சீட்டு முன்பே ஏற்பாடு செய்யப்பட்டது. மாணவராக வந்தவர் ஆய்வுக் குழுவின் ஆள். மாணவரைப் பக்கத்து அறையில் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, கையில் மின்முனையைப் பொருத்துவதை ஆசிரியர் தம் கண்ணால் பார்த்தார்.

ஆசிரியரின் முன்னால் ஒரு கருவி. அதில் வரிசையாக 30 சுவிட்சுகள். முதல் சுவிட்ச் 15 வோல்ட், அடுத்தது 30, இப்படிப் பதினைந்து பதினைந்தாக ஏறி 450 வோல்ட்டில் முடிகிறது. சுவிட்சுகளின் கீழே 'லேசான அதிர்ச்சி' என்று தொடங்கும் எழுத்து, போகப் போக 'ஆபத்து: கடும் அதிர்ச்சி' என்று மாறுகிறது. கடைசி இரண்டின் கீழ் வெறும் பெருக்கல் குறிகள் மட்டுமே. கருவி உண்மையானது என்று நம்புவதற்காக ஆசிரியருக்கே 45 வோல்ட் அதிர்ச்சி கொடுத்துக் காட்டினார்கள். மாணவருக்கு உண்மையில் எந்த அதிர்ச்சியும் போகவில்லை.

மாணவர் தவறாக விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏற்ற வேண்டும். தயங்கினால், சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஆய்வாளர் நான்கு வாக்கியங்களை வரிசையாகச் சொல்வார்: "தயவுசெய்து தொடருங்கள்", "நீங்கள் தொடர வேண்டும் என்று ஆய்வு கோருகிறது", "நீங்கள் தொடர்வது மிக மிக அவசியம்", "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்". மிரட்டலும் தண்டனையும் கிடையாது.

1963இல் வெளியான முதல் முடிவுகளின்படி, 40 ஆண்களில் 26 பேர் 450 வோல்ட்வரை போனார்கள். மாணவர் சுவரைத் தட்டத் தொடங்கும் 300 வோல்ட்டுக்கு முன் ஒருவர்கூட நிறுத்தவில்லை. ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசிவரை போவார் என்பது முன்கூட்டியே கேட்டறியப்பட்ட மனநல மருத்துவர்களின் கணிப்பு.

பலரும் நினைவில் வைத்திருப்பது 65 சதவீதம் என்ற எண்ணை மட்டுமே. அந்த ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். சிலர் அடக்க முடியாமல் சிரித்தார்கள். வாயால் மறுத்துக்கொண்டே கையால் அடுத்த சுவிட்சை அழுத்தினார்கள். இரக்கமில்லாதவர்களாக இருந்திருந்தால் இத்தனை வேதனை ஏன் வந்திருக்க வேண்டும்? இரக்கம் இருந்தது, அதைச் செயலாக்க வழி தெரியவில்லை.

அதே கருவி, வேறு எண்கள்

மில்கிராம் அந்த அமைப்பை இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றிப் பார்த்தார். அவருடைய ஆய்வில் எனக்கு மிகப் பெரிய மதிப்பு இந்தப் பகுதிமீதுதான். ஆட்கள் ஒரே வகை. அமைப்பு மாற மாற எண் எங்கெங்கோ போகிறது.

1. மாணவர் அதே அறையில் இருந்தால் கடைசிவரை போனவர்கள் 40 சதவீதம். மாணவரின் கையைப் பிடித்து அதிர்ச்சித் தகட்டின்மேல் வைக்க வேண்டும் என்றால் 30 சதவீதம்.

2. ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறி, போனில் ஆணையிட்டால் ஏறத்தாழ 20 சதவீதம். சிலர் குறைந்த வோல்ட்டையே அழுத்திவிட்டு, சொன்னபடி ஏற்றியதாகப் போனில் பொய் சொன்னார்கள்.

3. பல்கலைக்கழகப் பெயர் இல்லாமல், பிரிட்ஜ்போர்ட் நகரின் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் நடத்தியபோது 47.5 சதவீதம்.

4. சுவிட்சை வேறொருவர் அழுத்த, பங்கேற்பாளர் துணை வேலையை மட்டும் செய்தால் 92.5 சதவீதம்.

5. உடன் அமர்ந்த இரண்டு 'ஆசிரியர்கள்' நடுவில் மறுத்து எழுந்துவிட்டால் 10 சதவீதம்.

6. இரண்டு ஆய்வாளர்களில் ஒருவர் "தொடருங்கள்", மற்றவர் "நிறுத்துங்கள்" என்று சொன்னால், கடைசிவரை போனவர் யாருமில்லை.

பெண்களிடம் நடத்தியபோதும் 65 சதவீதம்தான் வந்தது. ஆண், பெண் வேறுபாடு அசைக்காத எண்ணை, அறையில் எழுந்த இரண்டாவது குரல் தரைமட்டமாக்கியது. அதிகாரம் ஒரே குரலில் பேசும்வரைதான் அதன் பிடி இறுகியிருக்கிறது.

காரணங்கள் என்று சொல்லப்படுபவை

1. பொறுப்பு கைமாறுகிறது. மில்கிராமின் சொந்த விளக்கம் இது. அதிகாரத்தின் கீழ் வந்ததும் மனிதர் தம்மைத் தம் செயலின் கர்த்தாவாக நினைப்பதை விட்டுவிட்டு, இன்னொருவரின் விருப்பத்தை நிறைவேற்றும் முகவராகிறார் என்றார். "அவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று கேட்ட பங்கேற்பாளர்கள், "நான் பொறுப்பு" என்று ஆய்வாளர் சொன்னதும் தொடர்ந்தார்கள். 2016இல் எமிலி காஸ்பர், பாட்ரிக் ஹாக்கர்ட் உள்ளிட்டோர் இதை வேறு வழியில் சோதித்தார்கள். நாமாக விரும்பி ஒன்றைச் செய்யும்போது, செயலுக்கும் விளைவுக்கும் இடைப்பட்ட நேரம் உள்ளதைவிடக் குறைவாக நமக்குத் தோன்றும். பங்கேற்பாளர்கள் ஒருவருக்கொருவர் உண்மையான லேசான மின் அதிர்ச்சி கொடுத்த அந்த ஆய்வில், ஆணைக்கு உட்பட்டுச் செய்தபோது அந்த இடைவெளி நீண்டதாகத் தோன்றியது. அப்படியானால் "அவர் சொல்லித்தான் செய்தேன்" என்பது தப்பிப்பதற்காகப் பிறகு சொல்லும் சாக்கு மட்டுமே என்று கொள்ள முடியாது. செய்யும் கணத்திலேயே செயல் தம்மிடமிருந்து கொஞ்சம் விலகியதாக அவர்கள் உணர்ந்திருக்கலாம்.

2. படிகள் சிறியவை. எடுத்த எடுப்பில் 450 வோல்ட் கொடுக்கச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் எழுந்து போயிருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு. 15 வோல்ட்டை மறுக்க யாருக்கும் காரணமில்லை. 195 கொடுத்தவர் 210இல் நிறுத்த வேண்டுமானால், இவ்வளவு நேரம் செய்தது தவறு என்று தமக்குத்தாமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தைய படியை நியாயப்படுத்தக் கட்டாயப்படுத்துகிறது. மில்கிராமின் தரவுகளை 2008இல் மறுபடி அலசிய டொமினிக் பேக்கர், மறுப்பு அதிகம் குவிவது 150 வோல்ட்டில் என்று கண்டார். பக்கத்து அறையிலிருந்து மாணவரின் குரலும் கேட்கும்படி மாற்றிய அமைப்புகளில், "என்னை வெளியே விடுங்கள்" என்று மாணவர் முதன்முறையாகக் கேட்பது அங்கேதான். அதன் பிறகு எழும் அலறல்கள் அந்த அளவுக்கு ஆளை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு ஒரு காரணம் முதலில் தோன்றும் இடத்தைக் கடந்துவிட்டால், அடுத்த காரணத்துக்கு வலு குறைந்துவிடுகிறது.

3. மறுப்பது ஒரு குற்றச்சாட்டு. "முடியாது" என்றால், எதிரே நாகரிகமாக நிற்கும் விஞ்ஞானியைப் பார்த்து "நீங்கள் செய்வது கொடுமை" என்று சொல்வதாகும். பெரும்பாலோர் வாழ்நாளில் பழகாத பேச்சு இது. இந்தச் சங்கடத்தைச் சிறு விஷயம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது தவறு என்பது என் எண்ணம். அறையில் யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. எழுந்து போவதற்கான வாக்கியம்தான் அவர்களிடம் இல்லை.

4. நோக்கத்தோடு ஒன்றிவிடுதல். அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீஃபன் ரெய்ச்சர் இருவரும் முன்வைக்கும் மாற்று விளக்கம் இது. மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு பணிவதில்லை. அறிவியலுக்கு உதவுகிறோம், நல்ல காரியம் செய்கிறோம் என்று நம்பித் தொடர்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இதற்கு வலுவான சான்று அந்த நான்காவது வாக்கியம். ஜெர்ரி பர்கர் 2009இல் வெளியிட்ட மறுசோதனையில், "உங்களுக்கு வேறு வழியில்லை" என்ற அப்பட்டமான கட்டளையைக் கேட்ட பிறகு தொடர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. "ஆய்வு கோருகிறது" என்ற வாக்கியம் அதைவிட நன்றாக வேலை செய்தது.

முதல் விளக்கத்தையும் நான்காவதையும் எதிரெதிராக நிறுத்தி வாதிடுவது வழக்கம். நான்காவது பெரும்பாலும் சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் நடுங்கி வியர்த்தவர்களை அதை மட்டும் வைத்து விளக்க முடியாது. மனமொப்பி உதவுகிறவர் ஏன் அப்படி வேதனைப்பட வேண்டும்? இது நல்ல காரியம் என்று நம்பித் தொடங்கியவர், நம்பிக்கை ஆட்டம் காணும்போது பொறுப்பை இன்னொருவர்மீது இறக்கிவைத்துவிட்டுத் தொடர்கிறார் என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பதே பொருந்துகிறது.

மில்கிராமை எவ்வளவு நம்பலாம்?

ஆய்வின் நெறிமுறையை டயானா பாம்ரிண்ட் 1964லேயே கண்டித்தார். ஏமாற்றி, இத்தனை மன வேதனைக்கு ஆளாக்கும் ஆய்வு இன்று அனுமதி பெறாது, பெறவும் கூடாது. யேல் ஆவணங்களைத் தோண்டிய ஜீனா பெர்ரி வேறு குறைகளைக் காட்டினார். ஆய்வாளர் நான்கு வாக்கியங்களோடு நிற்காமல் விடாமல் வாதாடியிருக்கிறார். அதிர்ச்சி உண்மையானதுதானா என்று சந்தேகித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். உண்மை என்று நம்பியவர்கள் மறுத்தது அதிகம். ஆகவே 65 என்ற எண்ணை மனித இயல்பின் அளவாகக் கொள்ளக் கூடாது.

அதற்காக ஆய்வைத் தூக்கி எறியவும் முடியாது. நெறிமுறைக்காக 150 வோல்ட்டோடு நிறுத்திய பர்கரின் ஆய்வில், 70 சதவீதம் பேர் அந்த இடத்தைத் தாண்டவும் தயாராக இருந்தார்கள். போலந்தில் அதேபோல் நடந்த ஓர் ஆய்வில், 80 பேரில் 72 பேர் கடைசியான பத்தாவது பொத்தான்வரை அழுத்தினார்கள்.

இதோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்டான்ஃபோர்டு சிறை ஆய்வை, 1971இல் நடந்ததை, நான் சான்றாக எடுக்கவில்லை. காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது பின்னாளில் ஆவணங்களோடு வெளிவந்துவிட்டது.

ஆய்வகத்துக்கு வெளியே

சார்லஸ் ஹாஃப்லிங் குழுவினர் 1966இல் வெளியிட்ட ஆய்வு உண்மையான மருத்துவமனை வார்டுகளில் நடந்தது. முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' போனில் அழைத்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்கிறார். ஒரு நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று புட்டியிலேயே எழுதியிருக்கிறது. போனில் வரும் ஆணையை ஏற்கக் கூடாது என்பது மருத்துவமனை விதி. 22 செவிலியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். வழியில் அவர்களைத் தடுத்து உண்மையைச் சொன்னார்கள். இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு செவிலியரிடம் கேட்டபோது, கொடுக்க மாட்டோம் என்றே பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள்.

1977இல் வேறு இருவர் இதைச் சற்று மாற்றி நடத்தினார்கள். மருந்து செவிலியருக்கு நன்கு தெரிந்தது. மற்றவர்களோடு கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. துறையறிவும் பக்கத்தில் ஆளும் இருந்தால் எண் தலைகீழாகிறது.

இரண்டாவது குரல் எழுந்தும் பயனில்லாமல் போன நிகழ்வும் உண்டு. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். கடும் மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் முனையில் நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம். தலைமை விமானி அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர்களில் ஒருவர். அவர் எஞ்சின் விசையைக் கூட்டத் தொடங்கியதும், அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி ஒருமுறை தடுத்தார். விமானி நிறுத்தினார். சற்று நேரத்தில், புறப்படும் அனுமதி கிடைக்காமலேயே மறுபடி ஓடத் தொடங்கினார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் இருந்த விமானப் பொறியாளர் மட்டும், "அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். "விலகிவிட்டது" என்ற பொருளில் விமானி அழுத்தமாகப் பதில் சொன்னார். பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். வானொலிப் பேச்சில் நேர்ந்த குழப்பம், மூடுபனி, நெரிசல் என்று விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இருந்தாலும் அந்தக் கேள்வி சரியான கேள்வி. தம் உயிரும் பணயத்தில் இருந்தபோதே ஒரு மூத்தவரின் ஒற்றைச் சொல் அதை அடக்கிவிட்டது.

போனில் வரும் 'அதிகாரி'

போனில் ஆணையிட்டால் கீழ்ப்படிதல் 20 சதவீதத்துக்குக் குறைகிறது என்றால், போன் மோசடி எப்படி வெல்கிறது? மோசடிக்காரர் அந்தக் குறையை ஒவ்வொன்றாக ஈடுகட்டுகிறார்.

1. இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்கிறார். வீடியோ அழைப்பில் சீருடையும் அலுவலகமும் தெரிகின்றன. தூரத்தில் இருப்பவர் அறைக்குள்ளேயே வந்துவிடுகிறார்.

2. யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள் என்கிறார். கீழ்ப்படிதலை அடியோடு சாய்க்கக்கூடிய இரண்டாவது குரல் இதனால் முதலிலேயே அடைபடுகிறது.

3. பெயரை உறுதிசெய்யுங்கள், கதவைச் சாத்துங்கள் என்று அற்பமானவற்றில் தொடங்குகிறார். பணம் என்ற பேச்சு வருவதற்குள் பல படிகள் ஏறியாகிவிட்டன.

4. பணத்தை 'சரிபார்த்துத் திருப்பி அனுப்புவோம்' என்கிறார். கொடுப்பவருக்குத் தாம் ஏமாறுவதாகத் தோன்றுவதில்லை. தம் நேர்மையை நிரூபிப்பதாகவே தோன்றுகிறது. நேர்மையானவர்களும் இதில் சிக்குவதில் வியப்பில்லை.

2004 ஏப்ரலில் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில், ஓர் உணவகத்துக்குப் போன் செய்தவர் தம்மைப் போலீஸ் அதிகாரி என்று சொல்லி, ஓர் இளம் ஊழியரைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் சோதனையிடச் செய்தார். உதவி மேலாளர் நம்பிச் செய்தார். மணிக்கணக்காக நீண்டு பாலியல் வன்கொடுமைவரை போன அந்தக் கொடூரத்தை நிறுத்தியது யார்? நடுவில் அறைக்குள் அழைக்கப்பட்ட ஒரு பராமரிப்புத் தொழிலாளி. படிப்படியாக ஏற்றப்படாமல் புதிதாக உள்ளே வந்தவர் என்பதால், நடப்பதை உள்ளபடியே பார்க்க அவரால் முடிந்தது, செய்ய மறுத்தார்.

மறுப்புக்கு இடம் விடும் அமைப்புகள்

"துணிச்சலாக இருங்கள்" என்ற அறிவுரை இங்கே அதிகம் உதவாது. தனி ஒருவரின் துணிவை நம்பியிருக்கும் ஏற்பாட்டில் அந்த ஒருவர் தோற்கவே வாய்ப்பு அதிகம். விமானத் துறை இதை விபத்துகளிலிருந்து கற்றுக்கொண்டது. 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து, விமானக் குழுவினரின் பேச்சு முறையையே பயிற்சியாக்கும் வழக்கம் வளர்ந்தது. இளையவர் ஐயத்தை எந்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே கற்றுத்தரப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பட்டியலின் 19 அம்சங்களில் ஒன்று, கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வது. ஒருமுறை வாய் திறந்தவருக்கு இரண்டாம் முறை பேசுவது எளிது.

சட்டமும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறது. 1950இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் போர்க்குற்றங்கள் குறித்து வகுத்த நூரெம்பர்க் கோட்பாடுகளில் நான்காவது, மேலதிகாரியின் ஆணை என்பதால் ஒருவர் பொறுப்பிலிருந்து விடுபட மாட்டார் என்கிறது. ஆனால், அறம் சார்ந்த ஒரு தேர்வு அவருக்கு உண்மையில் சாத்தியமாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. சாத்தியம் என்பதை எப்படி அளப்பது? உளவியல் சொல்லும் காரணங்கள் ஒரு செயல் ஏன் நடந்தது என்பதை விளக்குகின்றன, செய்தவரை விடுவிப்பதில்லை. அதே அறையில் 40 பேரில் 14 பேர் எழுந்து போனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றார்கள். தரையில் இருந்தவர்களிலும் சிலர் சுட மறுத்தார்கள். ஆனால் கொலையின் குறுக்கே போய் நின்றவர் ஹெலிகாப்டர் விமானி ஹ்யூ தாம்சன். தப்பி ஓடிய கிராமத்தாருக்கும் படையினருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார்; நம் ஆட்கள் இவர்கள்மீது சுட்டால் நம் ஆட்களையே சுடுங்கள் என்று தம் குழுவினருக்குச் சொன்னார். அவருடைய நெஞ்சுரம் பெரிது. அவர் நின்றிருந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். தரையிலிருந்த படைப்பிரிவின் தலைவர் அவருக்கு நேரடி மேலதிகாரி இல்லை. தாம்சன் காலையிலிருந்து படிப்படியாக அந்தச் செயலுக்குள் இழுக்கப்படவும் இல்லை. நடந்ததை மேலிருந்து முழுக் காட்சியாகப் பார்த்தார். அவரோடு க்ளென் ஆண்ட்ரியாட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் என்ற இருவர் இருந்தார்கள். இருவரும் அவர் பக்கம் நின்றார்கள்.